நெல்லையிலிருந்து ஸ்டுட்கார்ட், முலூஸ்: பழைய காரும் பழைய வீதியும்

ஒருவருக்குக் கார் என்றால் பைத்தியம். மற்றவருக்குப் பழைய கோயில், பழைய தெரு என்றால் உயிர். இப்படி ஒரு ஜோடி ஐரோப்பாவுக்குக் கிளம்பினால் மூன்றாம் நாளே முகம் கோணிவிடும். ஒருவர் மியூசியத்துக்குள் நாலு மணி நேரம் நிற்பார். மற்றவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார். இதற்கு வழி, ஒரே ரயில் பாதையில் ஒரு கார் மியூசியமும் ஒரு பழைய ஊரும் சேர்ந்து கிடைக்கிற இடமாகப் பார்த்துப் போவதுதான். ஜெர்மனியின் தென்மேற்கு மூலையும் அதை ஒட்டிய பிரான்சின் அல்சாஸ் பகுதியும் அதற்கு வாகாக இருக்கின்றன. ஸ்டுட்கார்ட், ஸ்ட்ராஸ்பூர்க், கோல்மார், முலூஸ் என்று ஊருக்கு ஊர் ரயிலில் ஒன்றரை மணிக்குள்தான். எட்டு நாளில் ஏழு நாடு காட்டுகிற பேக்கேஜ்களில் இந்த ஊர்கள் வராது. நாமே போட்டுக்கொள்ள வேண்டிய பயணம் இது.

கிழமையைப் பார்த்துத் தேதி குறிக்கவும்

நல்ல நாள் பார்ப்பதுபோல இதற்குக் கிழமை பார்க்க வேண்டும். ஸ்டுட்கார்ட்டின் மெர்சிடிஸ் பென்ஸ் மியூசியம், போர்ஷே மியூசியம் இரண்டுக்கும் திங்கள் விடுமுறை. கோல்மாரின் உன்டர்லிண்டன் மியூசியம் செவ்வாய்க்கிழமை பூட்டியிருக்கும். ஞாயிறு அன்று ஜெர்மனியில் பெரும்பாலான கடைகள் திறக்காது. பால் பாக்கெட் வேண்டுமென்றாலும் பெரிய ரயில் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். இதைக் கவனிக்காமல் மலிவாகக் கிடைத்த விமான டிக்கெட்டுக்கு ஏற்றபடி நாளைப் போட்டால், திங்கள் காலை பூட்டிய கதவுக்கு முன்னால்தான் நிற்க நேரும்.

ஆகவே வெள்ளிக்கிழமை போய் இறங்குங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று இரவும் ஸ்டுட்கார்ட்டில். மியூசியம் பூட்டுகிற திங்களில் பெட்டியைக் கட்டி ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு நகர்ந்துவிடலாம். செவ்வாய் ஸ்ட்ராஸ்பூர்க், புதன் கோல்மார், வியாழனும் வெள்ளியும் முலூஸ், சனி திரும்புதல். கோல்மாருக்கு ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து அரைமணி ரயில்தான் என்பதால் அங்கே தனியாக ரூம் வேண்டாம். புதன் ராத்திரியும் ஸ்ட்ராஸ்பூர்க்கிலேயே படுத்து, வியாழன் காலையில் முலூஸ் போனால் போதும். எட்டு இரவுக்கு மூன்றே ரூம்.

மாதம் என்றால் மே அல்லது செப்டம்பர். மே மாதத்தில் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் இருட்டும், சுற்றுவதற்கு நேரம் தாராளம். ஆனால் சித்திரை வெயிலில் இருந்து கிளம்பிய உடம்புக்கு அங்கே காலை 8, 10 டிகிரி நடுக்கும். ஒரே கனத்த கோட்டைவிட, பனியனுக்கு மேல் ஒரு தெர்மல், அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றுக்கும் மழைக்கும் தாங்கும் மெல்லிய ஜாக்கெட் என்று அடுக்கிப் போடுவதே வசதி. மியூசியத்துக்குள் சூடாக இருக்கும், ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளலாம்.

விசா

மேலே சொன்ன கணக்கில் ஜெர்மனியில் மூன்று இரவு, பிரான்சில் ஐந்து இரவு. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும் என்பதால் இது பிரான்ஸ் விசா. விமானம் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்குகிறது என்பதற்காக ஜெர்மனியிடம் போட்டால், ‘இது எங்கள் வேலை இல்லை’ என்று திருப்பி விடுவார்கள். இரண்டு நாட்டிலும் சமமான நாட்கள் வந்தால் மட்டும் முதலில் நுழையும் நாடு.

ஆளுக்கு 90 யூரோ கட்டணம், விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். வழக்கமாக 15 நாளில் முடிவு வரும், சிக்கல் என்றால் 45 நாள்வரை இழுக்கும். ஏப்ரல், மே மாதங்களில் சென்னை மையத்தில் நேரம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. மூன்று மாதம் முன்னாலேயே போட்டுவிடுங்கள். கைரேகை வைக்கக் கணவன் மனைவி இருவருமே நேரில் வர வேண்டும். ஜங்ஷனில் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எழும்பூர். வேலை முடித்து அன்று ராத்திரியே திரும்பலாம்.

எடுத்துப் போக வேண்டியவை: 35-க்கு 45 மில்லிமீட்டர் வெள்ளைப் பின்னணிப் படம், கடைசி மாதங்களின் வங்கிக் கணக்கு முத்திரையோடு, வருமான வரிக் கணக்கு, வேலை பார்ப்பவருக்கு விடுப்புக் கடிதம், கடை வைத்திருப்பவருக்கு ஜி.எஸ்.டி. பதிவு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, தங்கும் ரூம்களின் பதிவு. விண்ணப்பத்துக்கு இரண்டு நாள் முன்னால் யாரிடமோ கைமாற்று வாங்கி ஐந்து லட்சத்தைக் கணக்கில் போட்டுக் காட்டுவது வேண்டாத வேலை. பார்ப்பவருக்கு அது பளிச்சென்று தெரியும். மாதாமாதம் வரவும் செலவும் இயல்பாக ஓடுகிற கணக்குக்குத்தான் மதிப்பு.

நம்ம பக்கத்துக்காரர்களுக்கு என்றே ஒரு தலைவலி உண்டு, பெயர். பல பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாகக் கிடக்கும், அல்லது இனிஷியல் அங்கே உட்கார்ந்திருக்கும். விமான டிக்கெட் தளம் சர்நேம் இல்லாமல் நகராது. அப்போது வாய்க்கு வந்தபடி அப்பா பெயரைத் தட்டாமல், அந்த விமான நிறுவனத்திடம் கேட்டு அவர்கள் சொல்கிற முறையில் நிரப்பவும். டிக்கெட், காப்பீடு, ரூம் பதிவு, விசாப் படிவம் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்க வேண்டும். மனைவியின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் ஏறவில்லை என்றால் சார்பதிவாளர் அலுவலகத் திருமணச் சான்று கையில் இருக்கட்டும். கல்யாணப் பத்திரிகை செல்லாது. பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் எடுத்ததாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் உயிரோடும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும்.

போகும் வழி, பெட்டி

சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேரடி விமானம் உண்டு. வள்ளியூர், நாங்குநேரி பக்கம் இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் போய் வளைகுடா வழியாக மாறுவது லேசு. ராத்திரி விமானங்களில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. டிக்கெட்டில் 15-ம் தேதி 1:50 என்று இருந்தால், 14-ம் தேதி ராத்திரி பத்து மணிக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ம் தேதி ராத்திரி போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

சாப்பாட்டுப் பொட்டலத்தில் கவனம். பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துப் போகக்கூடாது. ஆகவே நெய் பாட்டில், பால்கோவா, தயிர் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். கறிவேப்பிலை, வெற்றிலை போன்ற பச்சைத் தழைக்கும் தடை. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளியோதரைப் பொடிக்குத் தொந்தரவு இல்லை. அல்வா இனிப்புப் பண்டக் கணக்கில் வருகிறது, அதிகாரி கேட்டால் என்னவென்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கைப்பையில் மட்டும் வைக்காதீர்கள். ஸ்கேனரில் அது பசைபோலத்தான் தெரியும், 100 மில்லிக்கு மேல் என்று எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். சரக்குப் பெட்டியில் கீழே வையுங்கள்.

நம்ம மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. மொபைல் சார்ஜரின் இரண்டு முள் நுழையும். குளியலறையில் வாளி, மக், கைப்பைப்பு எதுவும் இருக்காது. ஒரு சின்ன பிளாஸ்டிக் மக்கைப் பெட்டியில் சொருகிவிட்டால் எட்டு நாளும் நிம்மதி. பெட்டி பெரிய சக்கரம் உள்ளதாக இருக்கட்டும். பழைய ஊர்த் தெருவெல்லாம் கருங்கல் பாவியது, சின்னச் சக்கரம் இரண்டாம் நாளே கழன்றுவிடும். அதே காரணத்துக்காக, ரூமை ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் பிடியுங்கள்.

ரயில்

ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலேயே இரண்டு ரயில் நிலையம். உள்ளூர் ரயிலுக்கு ஒன்று, நெடுந்தூர ரயிலுக்கு ஒன்று. ஸ்டுட்கார்ட்டுக்கு நெடுந்தூர நிலையத்தில்தான் ஏற வேண்டும், ஒன்றேகால் மணிப் பயணம். முன்கூட்டி வாங்கும் மலிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். விமானம் தாமதமானால் அது வீண். இறங்கும் நாளுக்கு மட்டும், விலை கூடினாலும், எந்த ரயிலிலும் ஏறலாம் என்கிற டிக்கெட்டாக வாங்கிவிடுங்கள். மற்ற நாட்களுக்கு மலிவு டிக்கெட் போதும். ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்பது பழைய கதை. நடுவில் ரயில் மாற வேண்டியிருந்தால் முக்கால் மணி இடைவெளி விடவும். ரயிலே தாமதமாகி, போய்ச் சேர 20 நிமிடத்துக்கு மேல் பிந்தும் என்றால் மலிவு டிக்கெட்டிலும் வேறு ரயிலில் ஏறலாம் என்று அங்கே விதி இருக்கிறது. நம்மவர்கள் இது தெரியாமல் புது டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள்.

உள்ளூர் ரயில், டிராம் எதிலும் வாசலில் கேட் கிடையாது. அதனால் டிக்கெட் வேண்டாம் போலிருக்கிறது என்று தோன்றும். பரிசோதகர் சாதாரண உடுப்பில் வருவார். ஜெர்மனியில் ஆளுக்கு 60 யூரோ அபராதம். ஸ்ட்ராஸ்பூர்க் டிராமில் டிக்கெட் கையில் இருந்தால் மட்டும் போதாது, ஏறும் முன் பிளாட்பாரக் கருவியில் முத்திரை விழ வேண்டும்.

கார் வாடகைக்கு எடுக்கலாமா என்பது கார் பிரியர் கட்டாயம் கேட்கும் கேள்வி. வேண்டாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒரு வருடத்துக்குக் கிடைக்கும், அது சிரமமில்லை. சிரமம் அங்கே ஆரம்பிக்கும். ஸ்டியரிங் இடப்பக்கம், ஓடுவது வலப்பக்கம். பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. ஸ்டுட்கார்ட் ஊருக்குள் நுழைய, புகை அளவைக் காட்டும் ஸ்டிக்கர் வண்டியில் இருக்க வேண்டும். டெபாசிட்டுக்குக் கிரெடிட் கார்டில் பெரிய தொகையை முடக்கி வைப்பார்கள். பழைய வீதிகளுக்குள் வண்டியே விடுவதில்லை என்னும்போது காரை நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போகும்.

சனிக்கிழமை: எஸ் 1 ரயில்

ஸ்டுட்கார்ட்டில் எஸ் 1 என்ற உள்ளூர் ரயிலில் ஏறி நெக்கார்பார்க் நிலையத்தில் இறங்கினால் மெர்சிடிஸ் மியூசியம் நடந்து போகிற தூரம். காலை 9 மணிக்குத் திறக்கும்போதே போய்விடுங்கள். 2006-ல் திறந்த கட்டடம், ஒன்பது தளம், 160 வண்டிகள். முதலில் லிஃப்டில் உச்சிக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கிருந்து இரண்டு சுருள் பாதை கீழே இறங்குகிறது. ஒன்று வரலாற்று அறைகள் ஏழின் வழியாக, மற்றது பஸ், லாரி, தீயணைப்பு வண்டி, போப் போன காரெல்லாம் நிற்கும் ஐந்து அறைகள் வழியாக. பாதைகள் நடுவில் வெட்டிக்கொள்ளும், ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவலாம். அந்த வசதியே குழப்பமும் ஆகிறது. தாவித் தாவிப் போனால் பாதி அறை விட்டுப்போகும். வரலாற்றுப் பாதையிலேயே கடைசிவரை இறங்குங்கள். நேரம் மிச்சமிருந்தால் மறுபடி லிஃப்டில் ஏறி மற்றப் பாதை. பெரும்பாலோர் மேல் தளத்திலேயே ஒன்றரை மணி நேரத்தைக் கரைத்துவிட்டு, கீழே சரிந்த வளைவில் வரிசையாக நிற்கும் வெள்ளி நிறப் பந்தயக் கார்களை ஓட்டமாக ஓடிப் பார்க்கிறார்கள். மேலே அரைமணி போதும்.

அந்த அரைமணியில் விடக்கூடாதது 1886-ல் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டி. ஒற்றை சிலிண்டர், 954 சி.சி., முக்கால் குதிரைசக்தி, நம்ம டி.வி.எஸ். எக்ஸ்எல் சூப்பரில் கால்பங்கு தேறாது. குனிந்து பின்பக்கம் பாருங்கள். பெரிய இரும்புச் சக்கரம் ஒன்று படுக்கைவாட்டில் கிடக்கும். அதைக் கையால் சுழற்றித்தான் இஞ்சினைக் கிளப்ப வேண்டும். அங்கிருந்து சக்கரத்துக்குச் சைக்கிள் போலச் சங்கிலி. ஸ்டியரிங் வளையம் கிடையாது, ஒரு கைப்பிடி மட்டும். 1888-ல் பென்ஸின் மனைவி பெர்த்தா இந்த வகை வண்டியில் இரண்டு மகன்களோடு, கணவரிடம் சொல்லாமல், மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். வழியில் எரிபொருள் வாங்கியது மருந்துக் கடையில். கார் பிடிக்காதவரை இங்கே நிற்கவைக்க இந்த ஒரு கதை போதும்.

பழைய காரைப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பெயர்ப் பலகையை விட்டுவிட்டு முன் விளக்கிலிருந்து தொடங்குங்கள். 1910-க்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் பித்தளை விளக்கிலிருந்து ஒரு ரப்பர் குழாய் படிக்கட்டின் மேல் இருக்கும் சின்ன டப்பாவுக்குப் போகும். டப்பாவுக்குள் கார்பைடு கல். மாங்காயைப் பழுக்கவைக்க மண்டியில் திருட்டுத்தனமாகப் போடுவார்களே, அதே கல்தான். தண்ணீர் சொட்டச் சொட்ட அதிலிருந்து அசிட்டிலின் வாயு வந்து விளக்கு எரியும். அடுத்து ரேடியேட்டர். 1901-ல் வந்த 35 குதிரைசக்தி மெர்சிடிஸின் தேன்கூடு ரேடியேட்டரில் 8,070 சின்னக் குழாய்கள். அதுவரை இஞ்சின் சூடாகாமல் இருக்கச் சுமந்த தண்ணீரின் கனம் அதோடு குறைந்தது. பிறகு பிரேக். எந்த வருடம்வரை பின்சக்கரத்தில் மட்டும் இருக்கிறது என்று வண்டி வண்டியாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள், அது ஒரு நல்ல விளையாட்டு.

மதியத்துக்கு மேல் அதே எஸ் 1 ரயிலில் அதே திசையில் தொடர்ந்து போனால் எஸ்லிங்கன். ஹாஃபன்மார்க்ட் வீதியில் 1328-லிருந்து 1331-க்குள் கட்டிய மரச்சட்ட வீடுகள் வரிசையாக நிற்கின்றன. மரச் சட்டம் கட்டி, இடைவெளியைக் களிமண்ணால் அடைத்த வேலை. உத்தரம் உத்தரத்தில் பொருந்தும் இடத்தைப் பாருங்கள், இரும்பு ஆணிக்குப் பதிலாக மர ஆப்பு தெரியும்.

ஞாயிறு கார் பிரியர் விருப்பம் என்றால் போர்ஷே, ஊர் பிரியர் விருப்பம் என்றால் ஹைடல்பெர்க். இரண்டையும் ஒரே நாளில் அடைக்க வேண்டாம். சனிக்கிழமை கார் ஓங்கியிருந்ததால் ஹைடல்பெர்க்தான் நியாயம்.

ஸ்ட்ராஸ்பூர்க், கோல்மார்

ஸ்ட்ராஸ்பூர்க்கின் பழைய ஊரை இல் என்ற ஆறு இரண்டு கையாகப் பிரிந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. நம்ம டவுனில் நாலு ரதவீதிக்குள் கோயில் இருக்கிற மாதிரி, நடுவில் தேவாலயம். கோபுரம் 142 மீட்டர். 1647-லிருந்து 1874-வரை உலகத்திலேயே உயரமான கட்டடம் இதுதான். வழி தப்பினால் கோபுரத்தைப் பார்த்து நடந்தால் போதும். 66 மீட்டர் உயரத்தில் உள்ள தளம்வரை 300-க்கும் மேற்பட்ட சுருள் படி ஏறலாம். முட்டுவலிக்காரர் கீழேயே இருக்கட்டும்.

உள்ளே 1842-ல் ஓடத் தொடங்கிய வானியல் கடிகாரம் இருக்கிறது. பன்னிரண்டு சீடர்களின் பொம்மைகள் ஊர்வலம் போவதும் சேவல் கூவுவதும் பகல் 12-க்கு என்று நினைத்துப் போகாதீர்கள், 12:30-க்குத்தான் நடக்கும். அந்த நேரத்தில் மற்றவர்களுக்கு நடை சாத்திவிடுவார்கள், கடிகாரத்துக்குத் தனி டிக்கெட் எடுத்தவர்கள் மட்டுமே உள்ளே. ஞாயிறன்று இது கிடையாது.

கடிகாரம் முடிந்ததும் நேரே சாப்பிடப் போய்விடுங்கள். அல்சாஸில் பல ஹோட்டல்களில் மதியம் இரண்டு மணியோடு அடுப்பை அணைத்துவிடுவார்கள், பிறகு ராத்திரி ஏழுக்குத்தான். ஊர்ப் பலகாரமான மெல்லிய தோசை போன்ற ஃபிளாம்கூஷில் வழக்கமாகப் பன்றி இறைச்சித் துணுக்கு தூவியிருக்கும். சைவர் முன்கூட்டியே ‘வெஜிடேரியன்’ என்று சொல்லி வாங்க வேண்டும். ஸ்டுட்கார்ட் பக்கத்து மவுல்டாஷன் கொழுக்கட்டைக்குள்ளும் இறைச்சிதான். முட்டை சாப்பிடும் சைவருக்குச் சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லெ என்ற நூடுல்ஸ். பிரான்சில் ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் காசில்லாமல் வரும். ஜெர்மனியில் கடையில் வாங்கும் தண்ணீர் பாதிக்குப் பாதி சோடா. பாட்டிலை அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி விறைப்பாக இருந்தால் அது வாயு அடைத்தது.

கோல்மாரில் உன்டர்லிண்டனுக்குள் 1512-லிருந்து 1516-க்குள் வரைந்த இசன்ஹைம் பலிபீட ஓவியம், வெளியே கால்வாய்க் கரை வீடுகள், 1537-ல் கட்டிய ஃபிஸ்டர் வீடு. அரை நாளில் முடித்துவிடலாம். பகல் பதினோரு மணிக்குச் சுற்றுலாப் பஸ்கள் வந்து கொட்டிவிடும்; கால்வாய்ப் பாலத்தில் படம் எடுப்பதென்றால் எட்டு மணிக்கே போய்விட வேண்டும்.

முலூஸ்

ஆங்கில எழுத்தில் பார்த்தால் முல்ஹவுஸ் என்று வாசிக்கத் தோன்றும். ஊர்க்காரர்கள் சொல்வது முலூஸ். இங்குள்ள சிதே த லோத்தோமொபில் என்ற கார் மியூசியம்தான் இந்தப் பயணத்தின் மூலஸ்தானம். நிலையத்திலிருந்து ஒன்றாம் எண் டிராம், ‘ம்யூசே த லோத்தோ’ நிறுத்தம்.

மியூசியம் இருப்பது பழைய நூற்பாலைக் கட்டடத்துக்குள். பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கத்துக்காரர்களுக்கு மில் என்றால் விளக்க வேண்டியதில்லை. ஹான்ஸ், ஃபிரிட்ஸ் ஷ்லும்ப் என்ற கம்பளி ஆலை முதலாளிச் சகோதரர்கள் ஆலை வருமானத்தைக் கொட்டி யாருக்கும் காட்டாமல் நூற்றுக்கணக்கான கார்களை வாங்கி அடுக்கினார்கள். ஆலை நொடித்தது. 1977-ல் வேலை போன தொழிலாளர்கள் பூட்டிய கட்டடத்துக்குள் புகுந்தபோதுதான் தங்கள் உழைப்பு எங்கே போயிருக்கிறது என்று பார்த்தார்கள். சகோதரர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார்கள். 1982-ல் மியூசியமாகத் திறந்தது. உள்ளே வரிசைக்கு வரிசை நிற்கும் தெருவிளக்குகள், பாரிஸ் மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்து விளக்குகளின் நகல், சுமார் 800, சகோதரர்கள் செய்து வைத்தவை. அவற்றின் கீழ் நடக்கும்போது அந்தத் தொழிலாளர்கள் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார்கள்.

மொத்தம் 400-க்கு மேல் வண்டிகள், புகாட்டி மட்டுமே நூற்றுக்கு மேல். இருக்கிற வரிசைப்படி நடந்தால் தலைசிறந்த கார்களின் கூடத்துக்குக் கடைசியில் கால் ஓய்ந்து போய்த்தான் சேர்வீர்கள். ஆகவே காலையில் நேரே அங்கே போய்விட்டு, பிறகு முதலிலிருந்து பார்க்கலாம். அங்கே புகாட்டி ராயல் நிற்கிறது. ஆறே ஆறு செய்தார்கள்; அதில் இரண்டு இந்தக் கூடத்தில். இஞ்சின் 12.7 லிட்டர், நம்ம ரோட்டில் ஓடும் லேலண்ட் லாரிகள் பலவற்றுக்கே 6 லிட்டருக்குள்தான். ரேடியேட்டர் மூடியின் மேல் பின்னங்காலில் எழும்பி நிற்கும் வெள்ளி யானையைப் பார்க்காமல் வராதீர்கள். கறுப்பு வண்டியைப் படம் எடுக்கும்போது மேலே உள்ள விளக்கெல்லாம் பானட்டில் விழும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, சக்கர உயரத்துக்குக் குனிந்து பக்கவாட்டில் எடுத்தால் அந்த மினுக்கம் குறையும்.

அத்தனை பெரிய வண்டியை வாங்க ஆளில்லாததால் அந்த வகை இஞ்சின்களை ரயில் பெட்டியில் பொருத்தி ஓட்டினார்கள். அந்த புகாட்டி ரயில் இதே ஊரின் ரயில் மியூசியத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் அதையும் பார்த்துவிடலாம்.

மதியம் பழைய ஊர்ச் சதுக்கம். சுவரெல்லாம் சித்திரம் தீட்டிய 1552-ம் வருட நகர மன்றத்தின் பக்கவாட்டில் முழி பிதுங்கி நாக்கு நீட்டிய ஒரு கல் முகம் சங்கிலியில் தொங்கும். பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ எடை. அடுத்தவரைப் பற்றிப் புறணி பேசியவர் கழுத்தில் இதை மாட்டி ஊரைச் சுற்றி வரச் செய்வார்களாம். தொங்குவது நகல், அசல் உள்ளே மியூசியத்தில்.

சனிக்கிழமை முலூஸிலிருந்து பாசல் 25 நிமிடம், அங்கிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு மூன்று மணி நேர ரயில். பாசல் சுவிட்சர்லாந்து; ஷெங்கன் என்பதால் விசா பிரச்சினை இல்லை, ஆனால் யூரோ நாட்டுக்கு வாங்கிய சிம் பலவற்றில் அங்கே தனிக் கட்டணம் ஓடும். முலூஸில் ரயில் ஏறும்போதே மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, ஜெர்மன் எல்லை தாண்டிய பிறகு போடுங்கள். பிரான்ஸ் ரயில்வேயில் அன்றைக்கு ஸ்டிரைக் அறிவிப்பு உண்டா என்று முதல் நாள் மாலையே ரூம் வரவேற்பில் கேட்டுக்கொள்ளவும். இருந்தால் வெள்ளி ராத்திரியே பாசல் போய்விட வேண்டியதுதான். பையில் ஒரு யூரோ நாணயம் நாலைந்து கிடக்கட்டும், நிலையக் கழிப்பறைக் கதவு அதற்குத்தான் திறக்கும். கார்டு தேய்க்கும்போது ரூபாயிலா யூரோவிலா என்று கருவி கேட்டால் யூரோ என்றே அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் போடுகிற மாற்று விலை நமக்கு நஷ்டம்.